1 லட்சம் ரூபாய்க்கு நீச்சல் குளம் சுத்தம் பண்ற ரோபோ: வாங்கலாமா, வேண்டாமா?

"வாங்கலாமா, வேண்டாமா?" வரிசைல இதுவரைக்கும் ஏசி, இன்வெர்ட்டர், டிஷ்வாஷர்னு பார்த்துட்டோம். இந்த வாரம் கொஞ்சம் வித்தியாசமான பொருள்: நீச்சல் குளத்துக்குள்ள இறங்கி, தானா ஊர்ந்து சுத்தம் பண்ற ரோபோ.

"நம்ம சம்பளத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?"னு கேட்டுட்டு பக்கத்தை மூடிடாதீங்க. ஓஎம்ஆர்ல நீங்க பார்த்துட்டு இருக்கிற ஃபிளாட்ல குளம் இருக்கும். அதோட செலவு மாசாமாசம் மெயின்டனன்ஸ்ங்கிற பேர்ல உங்க கணக்குல இருந்துதான் போகும். ஊர்ல சொந்த இடத்துல வீடு கட்டுறவங்களும் "பின்னாடி சின்னதா ஒரு பூல் போட்டுடலாமா?"னு கேட்க ஆரம்பிச்சிருக்காங்க. அப்படி ஒருத்தர் அனுப்பின கேள்விதான் இது. அவர் சம்மதத்தோட, யாருன்னு தெரியாத மாதிரி எழுதறேன்.

சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவுல இருக்கு. அப்பா என்எல்சில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், வயசு 61. நெய்வேலி டவுன்ஷிப்ல வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியும். பிளாக் நம்பரைச் சொல்லியே விலாசம் சொல்லி வளர்ந்திருப்போம். அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு, வடலூரோ பண்ருட்டியோ கடலூரோ, எங்கயாவது வீடு பார்க்கணும். இவங்க பூர்வீக மனைல வீடு கட்டினாங்க. பின்பக்கம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர்ல ஒரு குளம். செலவு 8 லட்சம். பக்கத்துலயே ரெண்டு வேப்பமரம்.

பையன் சென்னைல வேலை. கைக்கு வர்ற சம்பளம் 62,000. மாசத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போவார். மத்த நாள் எல்லாம் அப்பாதான் காலைல வலையை வச்சு இலை அள்ளி, பிரஷ்ஷால சுவரைத் தேய்ச்சு, வாரத்துக்கு மூணு தடவை வேக்குவம் போடறார். மூட்டு வலி வேற. "அப்பாவுக்கு ரோபோ வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கேன். 1 லட்ச ரூபா, 12 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ. சரியா சார்?" இதுதான் கேள்வி.

சரியா தப்பான்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்த மெஷின் எந்த வேலையைக் குறைக்கும், எதைக் குறைக்காதுன்னு தெரிஞ்சாகணும். பணக் கணக்கே அதை வச்சுதான் வரும்.

மெஷின் என்ன பண்ணும்?

குளத்துல அழுக்கு மூணு வகை. மேல மிதக்கிறது, அடில படியறது, தண்ணில கரைஞ்சு கலங்கி நிக்கிறது. ரோபோ முக்கியமா ரெண்டாவதுக்கான ஆள். உள்ள ஒரு சின்ன பம்ப் மோட்டார் இருக்கும். அது அடியில இருந்து தண்ணியை உறிஞ்சி, உள்ளே இருக்கிற ஃபில்டர் கூடை வழியா வடிகட்டி, மேல் பக்கமா வெளில தள்ளும். அப்படித் தள்ளற வேகமும் மெஷினைத் தரையோட ஒட்டி வைக்க உதவும். சில மாடல் சுவர்ல ஏறறதுக்கும் இது ஒரு காரணம். அடியில சுத்தற பிரஷ், படிஞ்ச பாசியைத் தேய்ச்சு எடுக்கும். ஒரு சுத்து முடிய பொதுவா ரெண்டுல இருந்து மூணு மணி நேரம்.

தானா ஓடற கிளீனர் புதுசு இல்லை. 1974ல தென் ஆப்பிரிக்காவுல ஃபெர்டினாண்ட் ஷோவியேங்கிறவர் "கிரீப்பி கிராலி"ன்னு ஒண்ணைக் கொண்டு வந்தார். அதுக்குத் தனி மோட்டார் கிடையாது. குளத்தோட பெரிய மோட்டார் உறிஞ்சற சக்தியிலயே அது நகரும். இன்னைக்கும் அந்த வகை கிடைக்குது, விலையும் குறைவு. ஆனா அது ஓடற நேரம் முழுக்கக் குளத்து மோட்டாரும் ஓடணும். ரோபோவுக்கு அது தேவையில்லை. கரன்ட் கணக்குல இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

குளத்து மோட்டார் 1 ஹெச்பின்னா மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் இழுக்கும். ரோபோ 150 வாட்னு வச்சுக்குங்க. ரெண்டரை மணி நேரம் ஓடினா 0.375 யூனிட். யூனிட் 9 ரூபான்னு போட்டாக்கூட ஒரு தடவைக்கு மூணரை ரூபாய்க்குள்ள. வாரத்துக்கு மூணு தடவைன்னா வருஷத்துக்கு 156 தடவை, மொத்தம் 530 ரூபா. ஆக, கரன்ட் பில்லை நினைச்சு ரோபோவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

என்ன பண்ணாது?

விளம்பரத்துல இதைத்தான் வேகமா தாண்டிப் போவாங்க. ரோபோ தண்ணியைச் சுத்திகரிக்காது, குப்பையைத்தான் எடுக்கும். குளோரின் போடறது, பிஹெச் பார்க்கறது, சாண்ட் ஃபில்டரை பேக்வாஷ் பண்றது, மோட்டாரைத் தினமும் சில மணி நேரம் ஓட்டறது எல்லாம் அப்படியேதான் இருக்கும். பிஹெச் 7.2ல இருந்து 7.8க்குள்ள, ஃப்ரீ குளோரின் 1ல இருந்து 3 பிபிஎம் வரைக்கும் இருக்கணும். இதை டெஸ்ட் கிட்டை வச்சு ஒரு மனுஷன்தான் பார்க்கணும். தண்ணி பச்சையா மாறிட்டா அது குளோரின் பிரச்சனை. ரோபோவை நாள் முழுக்க ஓட்டினாலும் பச்சை போகாது. உங்க ஃபில்டர்தான் அடைக்கும்.

மேல மிதக்கிற வேப்பிலையையும் பெரும்பாலான மாடல் தொடாது. அது ஊறி அடில போனப்புறம்தான் எடுக்கும். வேப்பம்பழம் கொட்டற மாசத்துல கொட்டை பிரஷ்ல சிக்கி மெஷின் நின்னுடும்.

நம்ம கடலூர் மாவட்டத்துக்குன்னு இன்னொண்ணும் சொல்லணும். 2011 டிசம்பர் கடைசில தானே புயல் வந்து பண்ருட்டி பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்ச்சிட்டுப் போனது ஞாபகம் இருக்கும். 2024ல ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் டிசம்பர் முதல் வாரத்துல தென்பெண்ணைல வெள்ளம் வந்தது. அந்த மாதிரி நேரத்துல குளத்துல சேறு இறங்கிட்டா ரோபோவை இறக்கவே கூடாது. நைஸான வண்டல் ஃபில்டர் கண்ணி வழியா ஒரு பக்கம் போய் மறு பக்கம் வந்துடும், தண்ணி இன்னும் கலங்கும். முதல்ல கையால வேக்குவம் போட்டு, அந்தத் தண்ணியை ஃபில்டருக்கு விடாம நேரா வெளியேத்தணும். அதனால ரோபோ வாங்கினாலும் பழைய நீட்டுக் கம்பி, வலை, வேக்குவம் ஹோஸ் எதையும் தூக்கிப் போட முடியாது.

சின்ன வயசுல நம்ம குளிச்சது பம்பு செட்டுத் தொட்டில. அதுக்கு ஏன் குளோரினும் ரோபோவும் தேவைப்படலைன்னு யோசிச்சிருக்கீங்களா? அங்க தண்ணி நிக்கலை. தொட்டில விழுந்து வாய்க்கால் வழியா கரும்புக்குப் போயிடுச்சு. நெய்வேலிலயும் தண்ணிக்குக் குறை தெரியாம வளர்ந்தோம். பழுப்பு நிலக்கரிக்குக் கீழ அழுத்தத்தோட இருக்கிற நிலத்தடி நீர், சுரங்கத்தோட தரையைத் தூக்கிடக் கூடாதுன்னு அதை விடாம பம்ப் பண்ணி எடுத்துட்டே இருக்காங்க. ஓடற தண்ணி தன்னைத் தானே பார்த்துக்கும். 40,000 லிட்டரை ஒரே இடத்துல நிறுத்தி வச்சா, அதைச் சுத்தமா வச்சுக்கறதே ஒரு மாசாந்திரச் செலவு.

அந்தச் செலவையும் பார்த்துடுவோம். மோட்டார் தினம் 6 மணி நேரம் ஓடினா ரெண்டு மாச பில்லுல 360 யூனிட் கூடும். வீட்டு இணைப்புல 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் ஸ்லாபோட குறைஞ்ச ரேட்டும் போயிடும். 9 ரூபா வச்சா வருஷத்துக்கு 19,440. கெமிக்கலுக்கு மாசம் 1,500ன்னு வச்சா 18,000. ரோபோ இல்லாமலே 37,000க்கு மேல ஆச்சு. இதுல ஒரு ரூபாயைக்கூட ரோபோ பெருசா குறைக்காது. பேக்வாஷ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இப்ப ரோபோவோட நிஜ விலை

விலை 1,00,000. அஞ்சு வருஷம் உழைக்கும், அதுக்கப்புறம் வித்தா ஒண்ணும் வராதுன்னு வச்சுக்கறேன். ஈரத்துலயும் குளோரின்லயும் கிடக்கிற மெஷினுக்கு இது நியாயமான கணக்கு. வருஷத் தேய்மானம் 20,000. அந்தப் பணம் எஃப்டில இருந்திருந்தா வந்திருக்கிற வட்டியை, பாதி முதலுக்கு 7% சராசரியா எடுத்தா 3,500. பிரஷ், பெல்ட், ஃபில்டர் மாத்த 6,000. கரன்ட் 530. மொத்தம் வருஷத்துக்கு 30,030.

வாரத்துக்கு மூணு தடவை ஓடினா, ஒரு தடவைக்கு 192 ரூபா ஆகுது.

அதே மெஷினை "பையன் வரும்போது ஓட்டிக்கலாம்"னு மாசத்துக்கு ரெண்டு தடவை மட்டும் ஓட்டினா? தேய்மானமும் வட்டியும் குறையாது. உதிரி பாகச் செலவு 2,000ன்னு குறைச்சுப் போட்டாலும் வருஷத்துக்கு 25,580. ஒரு தடவைக்கு 1,066 ரூபா. ஒரு ஆளைக் கூப்பிட்டு, காபி டிபன் வாங்கிக் கொடுத்துச் சுத்தம் பண்ணச் சொல்லலாம்.

அஞ்சு வருஷம்னு நான் போட்டது மூணு வருஷமா சுருங்கினா, வாரம் மூணு தடவை ஓட்டினாலும் ஒரு தடவைக்கு 278 ரூபாய்க்குப் போயிடும். அதனாலதான் ஆயிரம் ரெண்டாயிரம் ஆஃபரை விட, மெஷின் எத்தனை வருஷம் உழைக்கும், ரிப்பேர் யார் பண்ணுவாங்கங்கிறது பெரிய கேள்வின்னு சொல்றேன்.

இப்ப நம்ம நண்பர் விஷயத்துக்கு வருவோம். ரோபோ வந்தா எவ்வளவு மிச்சம்னு கேட்டா, ரொக்கமா பார்த்தா பூஜ்யம். ஏன்னா இப்ப சுத்தம் பண்றது அப்பா. அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கலை. வீட்டு பட்ஜெட்ல இந்த உழைப்பு எந்த வரிலயும் வராது. இதை நான் நிறைய குடும்பக் கணக்குல பார்க்கறேன். அம்மா சமையல், அப்பா தோட்ட வேலை, எல்லாத்துக்கும் ஜீரோ போட்டுட்டு "செலவே இல்லை"ன்னு சொல்லிடுவோம். அதனால மணி நேரத்துல கணக்கு போடுங்க. வேக்குவம் ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு நாலரை, வருஷத்துக்கு 234 மணி நேரம். ரோபோ வந்தாலும் இறக்கி, ஏத்தி, ஃபில்டரைக் கழுவ ஒவ்வொரு தடவையும் 20 நிமிஷம் ஆகும், வருஷத்துக்கு 52 மணி நேரம். மிச்சம் 182 மணி நேரம். 30,030ஐ 182ஆல வகுத்தா, அப்பாவோட ஒரு மணி நேரத்தை 165 ரூபா கொடுத்து வாங்கறீங்க. குனிஞ்சு கம்பி தள்ளற வேலைல இருந்து 61 வயசு ஆளுக்கு விடுதலைன்னா அது மோசமான விலை இல்லை.

மாத்து வழியும் பார்க்கணும். கடலூர்ல இருந்தோ புதுச்சேரில இருந்தோ பூல் டெக்னீஷியன் வாரத்துக்கு ஒரு தடவை வந்து போக 700 ரூபா கேட்டா, வருஷத்துக்கு 36,400. ரோபோவை விட 6,000 ரூபா கூட. ஆனா அந்த ஆள் தண்ணியை டெஸ்ட் பண்ணுவார், கெமிக்கல் போடுவார், மோட்டார்ல சத்தம் வந்தா சொல்லுவார். கெட்டுப் போனா வாரன்டிக்கு அலைய வேண்டாம், வேண்டாம்னா அடுத்த மாசம் நிறுத்திடலாம். 1 லட்சமும் முன்னாடியே மாட்டிக்காது. உள்ளூர்ல நம்பிக்கையான ஒரு தம்பியைப் பழக்கி, தடவைக்கு 300 கொடுத்தா வருஷத்துக்கு 15,600 தான். ஆள் கிடைக்கிற ஊரா, ஒழுங்கா வருவாரா, அதை நீங்கதான் பார்க்கணும். எக்செல் ஷீட் அதைச் சொல்லாது.

தூக்கறது யார்?

இந்தக் கேள்வியை ரோபோ விக்கிறவங்க கேட்க மாட்டாங்க, வாங்கிக் கொடுக்கிற பிள்ளையும் கேட்கறதில்லை. இந்த மெஷின் மாடலைப் பொறுத்து 6ல இருந்து 12 கிலோ வரைக்கும் இருக்கும். தண்ணிக்குள்ள எடை தெரியாது. வெளில தூக்கும்போது உள்ள இருக்கிற தண்ணியோட சேர்ந்து இன்னும் கனமா வரும். ஈரத் தரைல, குளத்து விளிம்புல குனிஞ்சு, மூட்டு வலியோட ஒருத்தர் தனியா வாரத்துக்கு மூணு தடவை இதைத் தூக்கணும். கம்பி தள்ளற வேலையை எடுத்துட்டு, பளு தூக்கற வேலையைக் கொடுத்த மாதிரி ஆயிடக் கூடாது.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி எடையைப் பாருங்க. 8 கிலோவுக்குக் கீழ இருக்கிற தரை மட்டும் சுத்தம் பண்ற மாடல் அவருக்குப் போதும், சுவர்ல ஏறற மாடல் தேவையில்லை. கூட சக்கர வண்டி வாங்குங்க. மெஷினைக் கைப்பிடியால விளிம்பு வரைக்கும் இழுத்து, பாதி வெளில வச்சு, தண்ணி வடியற வரைக்கும் நிறுத்தி, அப்புறம் எடுக்கணும். கேபிளைப் பிடிச்சு எப்பவும் தூக்கக் கூடாது. அந்த இணைப்புல விரிசல் விட்டா தண்ணி உள்ள போயிடும், அது பெரிய ரிப்பேர்.

கேபிள் வேணுமா, பேட்டரி வேணுமா? கேபிள் மாடல்ல பவர் பாக்ஸ் 230 வோல்ட்டைக் குறைஞ்ச வோல்ட்டா மாத்தி மெஷினுக்குக் கொடுக்கும். நேரக் கட்டுப்பாடு கிடையாது, பேட்டரி மாத்தற செலவு கிடையாது, ஆனா கேபிள் முறுக்கிக்கும். அப்பப்ப வெயில்ல நீட்டிப் போட்டு முறுக்கு எடுக்கணும். பேட்டரி மாடல் பார்க்க அழகு, இறக்கி விட்டா போதும். சார்ஜ் தீர்ந்தா அடில நின்னுடும், கொக்கி போட்டு இழுக்கணும். சில வருஷத்துல பேட்டரி தளரும். புது பேட்டரி தனியா கிடைக்குமா, என்ன விலைன்னு கேட்டா பல கடைல பதில் வராது. பதில் வரலைன்னா அந்த மெஷினோட ஆயுசு பேட்டரியோட ஆயுசுதான்னு எடுத்துக்குங்க. என் ஓட்டு கேபிளுக்கு.

கரன்ட் பாதுகாப்புல மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க. குளத்துப் பக்க லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சுப் பாருங்க, எர்த்தும் பார்க்கச் சொல்லுங்க. பவர் பாக்ஸ் மேனுவல்ல சொல்லியிருக்கிற தூரத்துல, குறைஞ்சது 3 மீட்டர் தள்ளி, நிழல்ல, மழை படாத இடத்துல இருக்கணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் குளத்தோரம் இழுத்துட்டு வர்றது வேண்டவே வேண்டாம். மெஷின் ஓடும்போது யாரும் தண்ணில இருக்கக் கூடாது, பேரப் பிள்ளைகள் வந்திருந்தா முக்கியமா.

நோ காஸ்ட் இஎம்ஐ: காஸ்ட் எங்க இருக்கு?

2013 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டிக் கடன் திட்டம் கூடாதுன்னு வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. அதனால "நோ காஸ்ட்"ங்கிறது வட்டி இல்லாத கடன் இல்லை. வட்டித் தொகைக்குச் சமமா விலைல தள்ளுபடி காட்டி, அப்புறம் அதை வட்டியா வாங்கிக்கிற ஏற்பாடு.

1 லட்சம், 12 மாசம், மாசம் 8,333. கார்டு வட்டி 15%ன்னா, அவங்க கணக்குல கடன் முதல் சுமார் 92,327, வட்டி சுமார் 7,673. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, அது சுமார் 1,381 ரூபா. இது உங்க ஸ்டேட்மென்ட்ல தனியா வரும். பிராசஸிங் ஃபீஸும் அதுக்கு ஜிஎஸ்டியும் வேற. மொத்தமா பணம் கட்டினா 5,000 குறைப்போம்னு கடைக்காரர் சொன்னா, இஎம்ஐ எடுக்கும்போது அந்த 5,000மும் போச்சு. கேட்டுப் பாருங்க, நிறைய தடவை குறைப்பாங்க.

8,333ங்கிறது அவர் கைக்கு வர்ற சம்பளத்துல 13%க்கு மேல. அதே தொகையை ஆர்டில போட்டு ஒரு வருஷம் கழிச்சு வாங்கலாம். ஒரு வருஷம் அப்பா கஷ்டப்படணுமான்னு கேட்பீங்க. வேண்டாம். அதுக்குத்தான் வாங்கற வரிசையை மாத்தச் சொல்றேன்.

நான் அவருக்குச் சொன்ன வரிசை இது. இந்த மாசமே ஆர்சிசிபி. அடுத்து, குளத்து மேல விரிக்கிற இலை வலை. வேப்பமரம் இருக்கிற வீட்டுல அழுக்குல பெரும்பங்கு இலைதான், அது உள்ளயே விழலைன்னா வேக்குவமும் குறையும், குளோரினும் குறைவா செலவாகும். மரத்தோட குளத்துப் பக்கக் கிளையைக் கவாத்து பண்ணுங்க. ஒரு டெஸ்ட் கிட். உள்ளூர் தம்பியை வாரத்துக்கு ஒரு நாள் வரச் சொல்லுங்க, அந்த 1,300 ரூபாயை மாசம் நீங்க அனுப்புங்க. இப்படி நாலு மாசம் ஓட்டிப் பாருங்க. அப்பவும் வாரத்துக்கு மூணு தடவை வேக்குவம் தேவைப்பட்டா, ஆர்டில சேர்ந்த பணத்தோட ரோபோவுக்குப் போங்க. தேவை குறைஞ்சிருந்தா 1 லட்சம் மிச்சம்.

குளத்தை இன்னும் கட்டாதவங்களுக்கு ஒரே ஒரு கணக்கு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 2023 ஏப்ரல்ல இருந்து ஒருத்தர் 30 லட்சம் வரைக்கும் போடலாம். அப்ப வந்த வட்டி 8.2%. போடற அன்னைக்கு இருக்கிற வட்டிதான் அஞ்சு வருஷத்துக்கும். 8.2%க்கு 8 லட்சம் போட்டா மூணு மாசத்துக்கு ஒரு தடவை 16,400 ரூபா கைக்கு வரும். குளம் கட்டினா மூணு மாசத்துக்கு ஒரு தடவை 9,000க்கு மேல கையை விட்டுப் போகும். அப்பாவோட ரிட்டயர்மென்ட் பணத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி, ரெண்டு தொகையையும் ஒரே பேப்பர்ல எழுதி வீட்டுல காட்டுங்க.

"வாரக் கடைசில வாடகைக்கு விட்டா வரி மிச்சமாகுமே?"

நண்பர் இதையும் கேட்டார். சுருக்கமா சொல்றேன். சொந்த உபயோகத்துக்கு வாங்கற ரோபோவுக்குச் சம்பள வருமானத்துல ஒரு பைசா கழிவு கிடையாது. நிஜமா தொழிலா நடத்தினா 15% தேய்மானம் கழிக்கலாம், வருஷத்துல 180 நாளைக்குக் குறைவா உபயோகத்துல இருந்தா முதல் வருஷம் பாதிதான். முழு 15,000 கழிச்சாலும், 20% வரி ஸ்லாப்ல மிச்சமாகறது செஸ்ஸோட 3,120 ரூபா. உத்தேச வருமான முறைல தாக்கல் பண்ணினா தேய்மானம் தனியா கிடைக்காது. தொழில் நஷ்டத்தைச் சம்பளத்துல ஈடு கட்டவும் முடியாது. வீட்டுக்காரங்க குளிக்கிற பங்கைக் கழிச்சுட்டுதான் செலவு காட்டணும். வரிக்காக இதைச் செய்யாதீங்க.

ஃபிளாட்ல இருக்கிறவங்களுக்கு

இங்க கணக்கு அப்படியே தலைகீழ். 100 வீட்டு அபார்ட்மென்ட்ல பெரிய குளத்துக்கு 2.5 லட்சத்துல ரோபோ வாங்கினா, அஞ்சு வருஷத் தேய்மானம் வருஷத்துக்கு 50,000, உதிரி பாகம் 20,000. வீட்டுக்கு மாசம் 58 ரூபா. தினமும் ஓடும், தூக்க ஆள் இருக்கு, பொறுப்புக்கு மேனேஜர் இருக்கார். அசோசியேஷன் மீட்டிங்ல இதுக்கு நான் கை தூக்குவேன். ஒரு நிபந்தனை: பூல் ஆளை நிறுத்தற திட்டமா இருந்தா தூக்க மாட்டேன். கெமிக்கல் யார் பார்ப்பாங்க?

ஆனா குளம், ஜிம், கிளப் ஹவுஸ்னு ஒவ்வொண்ணா சேர்ந்து மெயின்டனன்ஸ் 7,500ஐத் தாண்டுதான்னு கவனிங்க. அசோசியேஷனோட வருஷ வரவு 20 லட்சத்துக்கு மேல இருந்து, வீட்டுக்கு மாசம் 7,500க்கு மேல வாங்கினா 18% ஜிஎஸ்டி வரும். 2019ல வந்த அரசுச் சுற்றறிக்கை, தாண்டினா முழுத் தொகைக்கும் வரின்னு சொல்லுச்சு. 2021 ஜூலைல கிரீன்வுட் ஓனர்ஸ் அசோசியேஷன் வழக்குல சென்னை உயர் நீதிமன்றம், 7,500க்கு மேல இருக்கிற தொகைக்கு மட்டும்தான்னு தீர்ப்பு கொடுத்தது. மெயின்டனன்ஸ் 7,900ன்னா, முதல் வழில 1,422 ரூபா வரி, ரெண்டாவது வழில 72 ரூபா. உங்க பில்லுல எந்த வழில போட்டிருக்காங்கன்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க. ஜிஎஸ்டி கட்டற அசோசியேஷன், ரோபோ வாங்கும்போது கட்டின ஜிஎஸ்டிக்கு இன்புட் கிரெடிட் எடுக்கலாம். பில் அசோசியேஷன் ஜிஎஸ்டி நம்பர்ல இருக்கணும். செகரெட்டரி பேர்ல, அவர் கார்டு பாயின்ட்டுக்காக வாங்கிட்டா அது போச்சு.

வாங்கியாச்சுன்னா

சீரியல் நம்பரோட பில்லை வாங்கி போட்டோ எடுத்து வைங்க. வாரன்டில பிரஷ், பெல்ட், ஃபில்டர் பொதுவா வராது, பேட்டரிக்குத் தனிக் காலம் இருக்கும். சர்வீஸுக்கு மெஷினை யார் அனுப்பணும், கூரியர் காசு யாருதுன்னு எழுத்துல கேளுங்க. பண்ருட்டில இருந்து சென்னைக்கு 10 கிலோ பெட்டி அனுப்பற செலவு சின்னது இல்லை. அமெரிக்கால இருக்கிற மச்சான் கொண்டு வர்றார்னா, அங்க கொடுத்த வாரன்டி இங்க செல்லுமான்னும், பவர் பாக்ஸ்ல 100ல இருந்து 240 வோல்ட்னு போட்டிருக்கான்னும் பாருங்க. 120 வோல்ட்னு மட்டும் இருந்தா நம்ம பிளக்ல சொருகின அன்னைக்கே முடிஞ்சுது.

ஒவ்வொரு தடவை ஓடினதும் ஃபில்டரை நல்ல தண்ணில கழுவுங்க. மெஷினைக் குளத்துலயே விட்டு வைக்காதீங்க, வெயில்லயும் காய விடாதீங்க. குளோரின் அதிகமா போடற நாள்ல, அளவு சாதாரண நிலைக்கு வர்ற வரைக்கும் மெஷினை உள்ள இறக்காதீங்க. போர் தண்ணி கடினமா இருந்தா பிரஷ்லயும் சக்கரத்துலயும் வெள்ளையா படியும், அதை அப்பப்ப துடைக்கணும்.

கெமிக்கலைத் தொடற அப்பாவுக்கு இதைக் கண்டிப்பா சொல்லுங்க: ப்ளீச்சிங் பவுடரையும் கடைல விக்கிற குளோரின் மாத்திரையையும் ஒரே வாளில கலக்கக் கூடாது, தீப்பிடிக்கும். ஆசிடையும் குளோரினையும் சேர்த்தா விஷ வாயு வரும். ரெண்டையும் தனித் தனி அலமாரில, மெஷின் வைக்கிற ரூம்ல இல்லாம வேற இடத்துல வைங்க.

கணக்கு ஷீட்டை இந்த வார வீடியோல திறந்து காட்டியிருக்கேன். விலை, எத்தனை தடவை ஓட்டுவீங்க, எத்தனை வருஷம் உழைக்கும்ங்கிற மூணு கட்டத்துல மட்டும் உங்க நம்பரை மாத்துங்க. மீதி தானா வரும்.